சஸ்பென்ஷன் முழுக்க மாற்றியாயிற்று, இடது பின்பக்கம் மட்டும் தூக்கி நிற்கிறது. உயரத்தை எங்கிருந்து பிடிப்பது?

மலைப்பாதை

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் வெடித்து, ஆட்டத்தை அடக்கும் ஷாக் பின்னால் இரண்டிலும் எண்ணெய் கசிந்து, வளைவில் திருப்பினால் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. மூன்று வாரம் மாலை மாலையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் நானே மாற்றினேன். நான்கு மூலைக்கும் உயரம் திருத்தும் காயிலோவர் (ஷாக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒன்றாக வருவது), சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் மேல் கீழ் ஆர்ம்கள் அத்தனைக்கும் புது ரப்பர் புஷ், வளைவில் சாய்வைக் குறைக்க இடது வலது பக்கங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பாருக்குப் புது லிங்க்.

ஜாக்கியை இறக்கிப் பார்த்தால் வண்டி கோணலாக நிற்கிறது. சக்கர மையத்திலிருந்து, அதற்கு மேலே இருக்கும் ஃபெண்டர் தகட்டின் விளிம்பு வரை அளந்தது இது, எல்லாம் மி.மீ. கணக்கு:

முன் இடது 341, முன் வலது 338
பின் இடது 362, பின் வலது 347

எனக்கு வேண்டியது முன்னால் 325, பின்னால் 330. ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையங்களை இரண்டு பக்கமும் மரை எண்ணித்தான் வைத்தேன், ஒரு மரை கூட வித்தியாசம் இல்லை. இடது பின்பக்க வளையத்தை மட்டும் 15 மி.மீ. இறக்கிவிட்டால் சரியாகிவிடுமா?

ரேஸ்நாள்

இறக்கிவிடுங்கள். அந்த வளையம் இருப்பதே அதற்குத்தான். நான்கு மூலையும் சமமாக வந்த பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

சுருள்வில்

மலைப்பாதை, தயவுசெய்து அந்த வளையத்தில் இன்னும் கை வைக்காதீர்கள். ரேஸ்நாள் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. காரணம் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே ஸ்பிரிங், ஒரே மரை. அப்படியிருந்தும் பின்னால் 15 மி.மீ. வித்தியாசம் என்றால், ஸ்பிரிங் அல்லாத வேறு ஏதோ ஒன்று அந்த மூலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் வளையத்தை இறக்கினால் பார்வைக்குச் சமமாகும். உள்ளே இரண்டு விசைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஒரு கேள்வி. ஆர்ம்களின் உள்பக்க போல்ட்டுகளை எப்போது முறுக்கினீர்கள்? வண்டி ஸ்டாண்டில் இருந்தபோதா, சக்கரம் தரையில் நின்றபோதா?

ஏன் கேட்கிறேன் என்றால், ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுழலாது. வெளி உறை ஆர்முக்குள் இறுகியிருக்கிறது. உள்ளே இருக்கும் இரும்புக் குழாயை, போல்ட்டை முறுக்கியதும் வண்டி உடம்பில் இருக்கும் பிராக்கெட் கவ்விக்கொள்கிறது. நடுவில் இருக்கும் ரப்பர் இரண்டோடும் ஒட்டியது. ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது எதுவும் சுழல்வதில்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது. போல்ட் இறுகிய கணத்தில் ஆர்ம் எந்தக் கோணத்தில் இருந்ததோ, அதுதான் அந்த ரப்பருக்கு ஓய்வு நிலை. சக்கரம் தொங்கும்போது இறுக்கியிருந்தால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு ஆர்மைக் கீழே தள்ளும், அதாவது வண்டியை மேலே தூக்கும். ஒரு மூலையில் இப்படி நான்கைந்து புஷ் இருக்கிறது. எல்லாம் சேர்ந்தால் ஒரு குட்டி ஸ்பிரிங் கூடுதலாகப் போட்ட மாதிரி.

உயரம் கெடுவது பாதிதான். அந்த ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே வேலை செய்வதால் சீக்கிரம் கிழிந்துவிடும். புது புஷ் ஒரே வருடத்தில் போய்விட்டது என்று வருத்தப்படுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

மலைப்பாதை

படித்ததும் நெஞ்சு திக்கென்றது. எல்லாமே ஸ்டாண்டில், தொங்கும்போது முறுக்கியதுதான். முறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, கையேட்டில் போட்டிருந்த அளவைத் துல்லியமாகப் பார்த்துப் பார்த்து முறுக்கினேன். எந்த நிலையில் முறுக்க வேண்டும் என்ற வரியைத் தாண்டிப் போய்விட்டேன்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. இடது பின்பக்கம் ஷாக்கின் அடிப் போல்ட் துளைக்கு நேராக வரவில்லை. கடப்பாரை வைத்து ஆர்மைக் கீழே அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு உள்பக்க போல்ட்டுகளையும் முறுக்கிவிட்டேன். வலது பக்கம் ஜாக்கி வைத்து ஆர்மைக் கொஞ்சம் தாங்கியிருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம் அதனால்தானா?

சுருள்வில்

அதனால்தான். வேறு எங்கும் தேட வேண்டாம்.

பழையஇரும்பு

சுருள்வில் சொன்னது முற்றிலும் சரி. தம்பி மலைப்பாதை, மறுபடி தளர்த்துவதற்கு முன்னால் அளக்கும் முறையையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கெட்ட அளவை வைத்துக்கொண்டு நல்ல வேலை செய்ய முடியாது.

முதலில் தரை. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தரை சமமாக இருப்பதே அபூர்வம். தண்ணீர் ஓட வேண்டும் என்று சாய்த்துத்தான் போட்டிருப்பார்கள். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் தெரியுமில்லையா, தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய், அதை வைத்து நான்கு சக்கரம் நிற்கும் இடத்தையும் பாருங்கள். ரசமட்டம் இதற்குப் போதாது, இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கும் தூரத்துக்குக் குழாய்தான் நம்பிக்கையானது. தாழ்ந்த இடத்தில் மெல்லிய பிளைவுட் துண்டு வைத்து ஏற்றி, இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே குறியில் வண்டி நிற்க வேண்டும்.

இரண்டாவது, ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே அளக்காதீர்கள். தொங்கும்போது டயர்கள் உள்ளே ஒடுங்கியிருக்கும். இறக்கும்போது அவை வெளியே நகர வேண்டும், ஆனால் தரை பிடித்துக்கொள்வதால் நகராது. வண்டி உயர்ந்தே நிற்கும். கையால் சில அடி முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலையிலும் அமுக்கிவிட்டு விடுங்கள். அப்புறம்தான் அளவு.

டயர் காற்று நான்கிலும் அந்த வண்டிக்குரிய 26 பி.எஸ்.ஐ. இருக்கட்டும். பெட்ரோல் பாதி டேங்க். ஓட்டுநர் சீட்டில் உங்கள் எடைக்குச் சமமாக மூட்டை. இரண்டே பேர் உட்காரும் இலேசான வண்டியில் ஓட்டுநர் எடை ஒரு மூலையை எவ்வளவு அமுக்கும் என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. சக்கர மையத்திலிருந்து அளந்தது நல்லது, டயர் தேய்மானமும் காற்றும் கணக்கில் வராது. ஆனால் மேல் முனை ஃபெண்டர் விளிம்பு. இவ்வளவு வயதான வண்டியில் ஃபெண்டர் ஒரு முறையாவது தட்டி நிமிர்த்தப்பட்டிருக்கும். நான் ஃபெண்டரை அன்றாடச் சரிபார்ப்புக்குத்தான் வைத்துக்கொள்வேன். தீர்ப்புக்கு, லோயர் ஆர்மின் உள்பக்க போல்ட் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்ப்பேன். சஸ்பென்ஷனுக்குத் தெரிந்தது அந்தப் போல்ட் மட்டும்தான், பெயின்ட் அடித்த தகடு அதற்குத் தெரியாது.

தூசிதட்டி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நானும் இதே வேலையைத் தொடங்கப் போகிறேன். வளையத்தை ஏற்றினால் ஸ்பிரிங் அமுங்கி வண்டி கடினமாகிவிடும், இறக்கினால் மென்மையாகிவிடும் என்று ஒரு மெக்கானிக் சொன்னார். அது உண்மையா? இன்னொன்று, பாலியூரித்தேன் புஷ் போட்டால் இந்த முறுக்குப் பிரச்சினை வராதா?

சுருள்வில்

இரண்டாவது கேள்விக்கு முதலில். பாலியூரித்தேனில் உள்குழாய் ஒட்டியிருக்காது, புஷ்ஷுக்குள் சுழலும். அதனால் தொங்கும்போது முறுக்கினாலும் உயரம் மாறாது. ஆனால் கிரீஸ் வற்றினால் கீச்சிடும், அதிர்வும் ரப்பரை விட அதிகம் உள்ளே வரும். தினமும் ஓட்டும் வண்டிக்கு நான் ரப்பரைத்தான் சொல்வேன்.

முதல் கேள்வி நிறையப் பேரைக் குழப்புவது. சாதாரணச் சீரான ஸ்பிரிங் என்றால், வளையத்தை ஏற்றுவதால் அது கடினமாகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மி.மீ. அமுங்க 6 கிலோ கேட்கும் ஸ்பிரிங். அதன் மேல் வரும் சுமை 240 கிலோ. வண்டி நிற்கும்போது அது 40 மி.மீ. அமுங்கியிருக்கும். இப்போது ஷாக்கில் பூட்டும்போதே வளையத்தை ஏற்றி 10 மி.மீ. அமுக்கி வைக்கிறீர்கள். வண்டியை இறக்கினால் இன்னும் 30 மி.மீ.தான் அமுங்கும். மொத்தம் அதே 40, ஏனென்றால் வண்டியின் எடை மாறவில்லை. அடுத்த மி.மீ.க்கும் அதே 6 கிலோதான். மாறியது என்ன? வண்டி உயர்ந்தது. ஷாக்கின் தண்டு மேல்நோக்கிப் போக இடம் கூடியது, கீழ்நோக்கித் தொங்க இடம் குறைந்தது. அவ்வளவுதான். முன் அமுக்கமே 240 கிலோவைத் தாண்டும் அளவுக்கு ஏற்றினால் மட்டும் வேறு கதை, அப்போது வண்டி நிற்கும் நிலையிலேயே ஷாக் முழுக்க நீண்டிருக்கும்.

அடியில் உடம்பே மரையாக இருக்கும் இன்னொரு வகைக் காயிலோவர் உண்டு. அதில் ஸ்பிரிங்கைத் தொடாமல் ஷாக்கின் மொத்த நீளத்தை மாற்றலாம். உயரம் மாறும், ஷாக்குக்குள் இருக்கும் ஓட்டம் மாறாது. ஆனால் டயர் ஃபெண்டரில் இடிக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு உங்களுடையது.

இன்னொரு சேதி. வளையம் 5 மி.மீ. நகர்ந்தால் வண்டியும் 5 மி.மீ. நகரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மேலும் கீழும் ஆர்ம் இருக்கும் இந்த டபுள் விஷ்போன் அமைப்பில் ஷாக் ஆர்மின் நடுவில் எங்கோ பிடித்திருக்கிறது, சக்கரம் நுனியில் இருக்கிறது. ஷாக் நகர்வது சக்கர நகர்வில் பத்துக்கு ஏழு பங்கு என்றால், வளையத்தில் 5 மி.மீ. திருத்தினால் ஃபெண்டரில் 7 மி.மீ. தெரியும். உங்கள் வண்டியின் விகிதத்தை நீங்களே ஒரு தடவை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஊகத்துக்கு வேலையில்லை.

முறுக்குக்கம்பி

என் நினைவு வேறு வண்டிக்குப் போகிறது. 1989 வரை வந்த பழைய போர்ஷே 911-இல் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது, நான்கு மூலையிலும், முறுக்கும்போது ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பிதான். முன்பக்கம் திருத்த ஒரு ஸ்க்ரூ உண்டு. பின்பக்கம் திருத்துவது எப்படித் தெரியுமா? கம்பியின் உள் முனையில் 40 பல், வெளி முனையில் 44 பல். உள்ளே ஒரு பல் தள்ளினால் 9 டிகிரி. வெளியே ஒரு பல் எதிர்த்திசையில் தள்ளினால் சுமார் 8.2 டிகிரி. இரண்டையும் சேர்த்துச் செய்தால் மிச்சம் 0.8 டிகிரி சொச்சம். இந்தச் சிறு மிச்சத்தை வைத்துத்தான் உயரம். பின்பக்கக் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் ஸ்பிரிங் பிளேட் இரண்டு துண்டாக வந்த பிறகு சின்னத் திருத்தங்கள் சுலபமாயின.

அந்த வண்டியில் தவறு செய்தால் பாதியைக் கழற்ற வேண்டும். அதனால் சக்கரம் தொங்கும்போது பிளேட் எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுத்தான் பல்லைக் கோப்போம். காயிலோவர் வைத்திருப்பவர்களுக்கு வளையம் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால், கை முந்திக்கொள்கிறது. ரேஸ்நாள், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரேஸ்நாள்

தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. என் வண்டியில் எல்லா மூட்டும் தாராளமாகச் சுழலும் உலோக ராட் எண்ட். ரப்பரே கிடையாது, அதனால் வளையம் மட்டும்தான் உயரத்தைத் தீர்மானிக்கும். ரப்பர் புஷ் வண்டிக்கு நான் சொன்ன பதில் பொருந்தாது. ஆனால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஸ்டெபிலைசர் பாரின் லிங்க்கை ஒரு பக்கம் கழற்றிவிட்டு உயரம் பாருங்கள். பார் இணைந்திருந்தால் ஒரு மூலையைத் திருத்தும்போது எதிர்ப்பக்கத்தையும் இழுக்கும், துரத்திக்கொண்டே இருப்பீர்கள். எல்லாம் முடிந்த பிறகு, ஓட்டுநர் எடை உள்ளே இருக்கும்போது, போல்ட் விரலால் தள்ளியே உள்ளே போகும்படி லிங்க்கின் நீளத்தை வைத்துப் பூட்டுங்கள்.

மலைப்பாதை

சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதே வேலை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

டியூப் லெவலில் பார்த்தால் தரை, பின் இடது சக்கரம் நிற்கும் இடத்தில் 6 மி.மீ. தாழ்வு. பிளைவுட் வைத்துச் சரிசெய்தேன். பிறகு அடியில் நுழைய இடம் வேண்டுமே. நான்கு சக்கரத்துக்கும் கீழே ஒரே உயரத்தில் கனமான மரக்கட்டைகளை அடுக்கி, வண்டியை அதன்மேல் சக்கரத்தால் நிற்க வைத்தேன். சும்மா இருந்த ஸ்டாண்டுகளையும் காப்புக்காக உடம்புக்குக் கீழே, தொடாத இடைவெளியில் வைத்தேன்.

முன் வலதில் தொடங்கி ஒவ்வொரு மூலையாக எல்லா உள்பக்க போல்ட்டையும் தளர்த்தினேன். கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரச் சாய்வு, அதைத் திருத்தும் கேம் போல்ட்டுகளின் இடத்தைப் பெயின்ட் பேனாவால் முதலில் குறித்துக்கொண்டேன். இடது பின்பக்கம் நட்டைத் தளர்த்திய நொடியில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டு, வண்டி என் கண் முன்னால் இறங்கியது. உள்குழாய் பிராக்கெட்டில் சுழன்று விடுபட்ட சத்தம். உருட்டி, அமுக்கி, மறுபடி அளந்தேன். வளையத்தை இதுவரை தொடவில்லை:

முன் இடது 331, முன் வலது 332
பின் இடது 337, பின் வலது 335

அதாவது பின் இடதில் மட்டும் 25 மி.மீ. இறங்கியது, அதில் பெரும்பகுதி ரப்பர் தூக்கியிருந்ததுதான்!

இப்போதுதான் வளையம். முன்னால் இரண்டு பக்கமும் 5 மி.மீ. இறக்கினேன், சுருள்வில் சொன்ன மாதிரியே ஃபெண்டரில் 7 குறைந்தது. பின்னால் அதே விகிதம் இல்லை, 4 இறக்கியதற்கு 5 குறைந்தது. இப்போது முன் 324, 325. பின் 332, 330. அந்தப் பின் இடது 2 மி.மீ. என்னவென்று ஆர்ம் போல்ட்டின் உயரத்தைப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றே. பழையஇரும்பு அண்ணா சொன்னபடி ஃபெண்டர்தான் வேறு. அதை அப்படியே விட்டுவிட்டேன். இந்த நிலையில் சக்கரம் கட்டையின்மேல் நிற்கும்போதே எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் முறுக்கினேன்.

ஒரு ஆசை இருக்கிறது. முன்னால் 310 வரை இறக்கினால் பார்க்க மிக அழகாக இருக்கும். செய்யலாமா?

பழையஇரும்பு

வேண்டாம். அந்த முதல் தலைமுறை வண்டியில் ஷாக்குக்கு மேல்நோக்கிய ஓட்டம் பிறப்பிலேயே குறைவு. அதனால்தான் பலர் ஷாக்கின் மேல் முனையைப் பிடிக்கும் மவுண்டை இரண்டாம் தலைமுறையிலிருந்து எடுத்து இதில் பொருத்துகிறார்கள், கொஞ்சம் இடம் கிடைக்கும் என்று.

உங்களிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு கேபிள் டை போதும். ஷாக்கின் தண்டில் இறுக்கமாகக் கட்டி, உடம்பை ஒட்டிக் கீழே தள்ளி வைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாகப் போகும் மோசமான சாலையில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். திரும்பி வந்து பார்த்தால் அது எங்கே நிற்கிறதோ அதுவரை தண்டு உள்ளே போயிருக்கிறது. தண்டு முழுக்க உள்ளே போகாமல் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பில் மோதி நசுங்கியிருந்தால், அந்த உயரத்தில் உங்கள் ஸ்பிரிங்குக்கு வேலை இல்லை, ரப்பர் கட்டையின்மேல் ஓட்டுகிறீர்கள். வளைவின் நடுவில் ஒரு பக்கம் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்தால் அந்த முனையின் பிடி சட்டென்று போய்விடும். இதை நான் ஈரச் சாலையில் அனுபவித்திருக்கிறேன், இன்னொருவர் அனுபவிக்க வேண்டாம்.

சுருள்வில்

அதோடு ஆர்ம்களின் கோணத்தையும் பாருங்கள். லோயர் ஆர்ம் கிடைமட்டமாகவோ, வெளிமுனை சற்றுத் தாழ்ந்தோ இருப்பது நல்லது. வெளிமுனை உள்முனையை விட மேலே போய்விட்டால் ரோல் சென்டர், அதாவது வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, வேகமாகக் கீழே இறங்கிவிடும். வண்டியின் ஈர்ப்பு மையம் அந்த அளவுக்கு இறங்காது. இரண்டுக்கும் நடுவில் தூரம் கூடினால் வண்டி முன்பை விட அதிகம் சாயப் பார்க்கும். மேல் ஆர்ம் இல்லாத மாக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வண்டிகளில் இது இன்னும் கடுமை, கேம்பரும் கிடைக்காமல் போகும். தாழ்த்தியது சாய்வைக் குறைக்கத்தானே?

மலைப்பாதை

கேபிள் டை கட்டி 40 கி.மீ. போய் வந்தேன். முன்னால் பம்ப் ஸ்டாப்புக்கு 9 மி.மீ. மிச்சம், பின்னால் 6. அப்படியென்றால் 310 என்பது பேச்சுக்கே இடமில்லை. 325-இலேயே நிற்கிறேன், மனசுக்கும் இப்போது நிறைவாக இருக்கிறது.

ரேஸ்நாள் தன் நான்கு எடைத் தட்டுகளைக் கொண்டுவந்து உதவினார். வலது பக்க ஸ்டியரிங், என் எடையோடு மொத்தம் 1,030 கிலோ. நல்லவேளை, புஷ் தளர்த்துவதற்கு முந்தைய நாளும் ஒரு தடவை ஏற்றிப் பார்த்திருந்தோம், அதனால் ஒப்பிட முடிகிறது.

முன்பு: முன் இடது 240, முன் வலது 275, பின் இடது 268, பின் வலது 247.
இப்போது: முன் இடது 253, முன் வலது 262, பின் இடது 255, பின் வலது 260.

ரேஸ்நாள்

இந்த எண்களை எல்லோரும் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். முன்பக்க மொத்தம் இரண்டு தடவையும் 515. இடது பக்க மொத்தம் இரண்டு தடவையும் 508. உயரத்தை எவ்வளவு திருத்தினாலும் அவை மாறாது. எந்தப் பொருள் வண்டியில் எங்கே இருக்கிறது என்பதுதான் அவற்றைத் தீர்மானிக்கும். மாறியது குறுக்கு எடை மட்டும். முன் வலதும் பின் இடதும் சேர்த்து முன்பு 543, அதாவது 52.7 சதவீதம். இப்போது 517, அதாவது 50.2. பின் இடது மூலை தூக்கி நின்றபோது, எதிர்மூலையான முன் வலதும் கூடவே பாரம் வாங்கியிருந்தது. நாற்காலியின் ஒரு கால் நீண்டால் நடப்பது இதுதான். அந்த நிலையில் ஓட்டியிருந்தால் இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் வேறு மாதிரியும் திரும்பியிருக்கும்.

நான் முதலில் சொன்னபடி பின் இடது வளையத்தை மட்டும் இறக்கியிருந்தால், புஷ் தேய்ந்து தளர்ந்ததும் அந்த மூலை தொங்கிப்போய், எடை எதிர்த்திசையில் சாய்ந்திருக்கும். அந்த யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தூசிதட்டி

என் வண்டி இன்னும் ஸ்டாண்டில்தான் இருக்கிறது, ஸ்பிரிங் போடவில்லை. மரக்கட்டை அடுக்காமல் இப்போதே புஷ்ஷைச் சரியான நிலையில் முறுக்க வழி உண்டா?

சுருள்வில்

உண்டு, சொல்லப்போனால் உங்களுக்குத்தான் சுலபம். ஸ்பிரிங் இல்லாதபோது ஜாக்கியைச் சக்கரம் பூட்டும் ஹப்புக்குக் கீழே வைத்துத் தூக்குங்கள். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் வரை நீங்கள் விரும்பும் உயரம் வந்ததும் நிறுத்தி, அந்த மூலையின் எல்லா ரப்பர் புஷ் போல்ட்டையும் முறுக்கிவிடுங்கள். பிறகு இறக்கி காயிலோவரைப் பூட்டலாம். பின்னால் உயரத்தை 20 மி.மீ.க்கு மேல் மாற்றினால் மறுபடி ஒரு தடவை தளர்த்தி முறுக்குங்கள். கழற்றத் தொடங்கும் முன் பழைய உயரத்தையும் அளந்து எழுதி வைக்கத் தவற வேண்டாம்.

மலைப்பாதை

600 கி.மீ. ஓடிய பிறகு எழுதுகிறேன். புது ஸ்பிரிங் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறது, நான்கு மூலையும் 2 முதல் 3 மி.மீ. இறங்கியது. சமமாக இறங்கியதால் வளையத்தைத் தொடவில்லை, பூட்டு வளையத்தை மட்டும் மறுபடி இறுக்கினேன். அதற்குப் பிறகுதான் அலைன்மென்ட்டுக்குப் போனேன். கேம்பர், காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் சாய்வு) முதலில், டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) கடைசியில். கேம் போல்ட்டுகளைத் திருத்தி முறுக்கும்போது வண்டி சக்கரத்தில் நிற்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். அந்தக் கடையில் வேலை செய்தவர் "ஏன் இவ்வளவு கவலைப்படுகிறீர்கள்" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னதும், தானே குனிந்து ஒவ்வொரு போல்ட்டையும் இன்னொரு தடவை பார்த்துக் கொடுத்தார்.

வண்டி தாழ்ந்ததால் ஹெட்லைட் ஒளியும் இறங்கியிருந்தது, அதையும் சுவரில் குறி வைத்துத் திருத்தியாயிற்று. நேற்று அதிகாலை வளைவுச் சாலையில் போனேன். இடமும் வலமும் ஒரே மாதிரி திரும்புகிறது.

பழையஇரும்பு

சந்தோஷம் தம்பி. அந்த எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையேட்டின் உள் அட்டையில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை டயர் மாற்றும்போது அதே சாக்பீஸ் குறியில் நிறுத்தி அளந்து பாருங்கள்.